நெய்ச்சட்டியில் பிசைந்த சோறு

(ராசிபுரத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1956ஆம் ஆண்டின் பிற்பகுதி. ராக்பெல்லர் அறக்கட்டளையின் உதவியில் அமெரிக்கா போயிருந்த ஐம்பது வயதுத் தமிழர் ஒருவர் அங்கே ஓர் உணவகத்தில் காப்பி கேட்கிறார். கறுப்பா, வெள்ளையா என்று கேட்கிறார்கள். இரண்டும் வேண்டாம், பழுப்பு நிறத்தில் வேண்டும் என்கிறார். பரிமாறுகிறவருக்குப் புரியவில்லை. காப்பி என்றால் பழுப்பாகத்தான் இருக்க வேண்டும், தென்னிந்தியாவில் அப்படித்தான் போடுவார்கள் என்று விளக்க வேண்டியதாகிறது. அந்தப் பயணத்தைப் பற்றி அவர் எழுதிய ‘மை டேட்லெஸ் டயரி’யில் இந்தக் காட்சி வருகிறது.

அவர் ஆர்.கே. நாராயண். முழுப் பெயர் ராசிபுரம் கிருஷ்ணசாமி ஐயர் நாராயணசாமி. பிறந்தது 1906இல் சென்னையில், வாழ்ந்தது பெரும்பாலும் மைசூரில், எழுதியது மால்குடி என்ற இல்லாத ஊரைப் பற்றி. இருக்கிற ஊரான ராசிபுரம் அவர் பெயரில் முதலெழுத்தாக மட்டும் நின்றுவிட்டது. தம்பி கார்ட்டூனிஸ்ட் லக்ஷ்மணுக்கும் அதே முதலெழுத்து. இந்த ஊர்க்காரர்கள் அதைப் பெருமையாகச் சொல்வது உண்டு, சொல்லட்டும். இன்றைய பேச்சுக்கு வேண்டியது அவருடைய காப்பி.

காப்பியைப் பற்றி நாராயண் தனியாக ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். அதில் அம்மா வருகிறார். வீட்டுக் காப்பியின் பெயரை அரை நூற்றாண்டாகக் கெடாமல் காத்தவர். கொட்டையை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பொறுக்குவார். கரி அடுப்பில் நிதானமாக வறுப்பார். உள்ளே இருக்கும் கொட்டை எந்த நிறத்துக்கு வந்திருக்கிறது என்பதை, வறுக்கும் கருவியின் இடுக்கு வழியே கசியும் புகையைப் பார்த்தும் முகர்ந்தும் கண்டுபிடித்துவிடுவார். பிறகுதான் அரைப்பு. மகன் எழுதியதைப் படிக்கிறவருக்குக் கடைசியில் மனத்தில் தங்குவது டம்ளரில் இருந்த காப்பி அல்ல, அந்தப் புகை.

இதைக் கவனித்தால் ஒரு கேள்வி வரும். அம்மா கைப்பக்குவம், அப்பா வாங்கி வந்த பலகாரம் என்று யார் பேச ஆரம்பித்தாலும் முதல் வாக்கியத்தில் ருசி வருகிறது. இரண்டாவது வாக்கியத்தில் ருசி போய்விட்டு அடுப்படி வருகிறது, திண்ணை வருகிறது, பஸ் வந்து நிற்கும் நேரம் வருகிறது. ருசியைச் சொல்ல வந்தவர் ஏன் காத்திருந்ததைச் சொல்லிவிட்டுப் போகிறார்?

நாக்கிலிருந்து தொடங்கலாம். தமிழர் கணக்கில் சுவை ஆறு. உடலியல் கணக்கில் ஐந்து: இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு, அதோடு ஜப்பானியர்கள் உமாமி என்று பெயர் வைத்த ஒன்று. நம் ஆறில் கார்ப்பை அவர்கள் எரிச்சல் உணர்வில் சேர்த்துவிட்டார்கள். துவர்ப்பைத் தொடு உணர்வுப் பக்கம் தள்ளிவிட்டார்கள். எந்தக் கணக்கை எடுத்தாலும் நாக்கின் அகராதி சின்னது. மீதியெல்லாம் மூக்கின் வேலை. வீட்டுக்குப் போனதும் செய்து பார்க்கலாம்: ஏலக்காய் தட்டிப் போட்ட வெல்லத்துண்டு ஒன்றை மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு மெல்லுங்கள். இனிப்பு தெரியும், அவ்வளவுதான். மூக்கை விட்டதும் ஏலக்காய் எங்கிருந்தோ வந்து நிற்கும். அது வாயிலிருந்து தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறிய மணம். 2020இல் கொரோனா வந்து மோப்பம் போனவர்களுக்கு இந்தச் சோதனையே தேவைப்படவில்லை. ரசமும் வெந்நீரும் ஒன்றாகிவிட்டன என்று வீட்டுக்கு வீடு சொன்னார்களே, அப்போது அவர்கள் நாக்கு நன்றாகத்தான் இருந்தது, பெரும்பாலானவர்களுக்கு.

பார்த்ததும் கேட்டதும் மூளைக்குள் போகும்போது தலாமஸ் என்ற ஒரு சந்திப்பில் நின்று, பிறகுதான் மற்ற இடங்களுக்குப் பிரிந்து போகின்றன. மணம் மட்டும் அங்கே நிற்காமல், உணர்ச்சியையும் நினைவையும் கவனிக்கிற பகுதிகளுக்கு நேராகப் போய்விடுகிறது. மூக்கு மணங்களை எப்படிப் பிரித்தறிகிறது என்பதையே 1991இல்தான் லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவரும் ஏற்பி மரபணுக்களைக் கண்டுபிடித்து விளக்கினார்கள். 2004இல் நோபல் பரிசு வந்தது. மனிதரிடம் அப்படி வேலை செய்கிற ஏற்பி வகைகள் ஏறத்தாழ 400. ஐந்து எங்கே, நானூறு எங்கே.

2006இல் ஸ்வீடனிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. வில்லண்டர், லார்சன் என்ற இரு உளவியலாளர்கள் 65 முதல் 80 வயதுக்குட்பட்ட 93 பேரைக் கூப்பிட்டார்கள். சிலருக்கு ஒரு சொல்லைக் கொடுத்தார்கள், சிலருக்குப் படத்தை, சிலருக்கு மணத்தை. இது எதை நினைவுக்குக் கொண்டுவருகிறது என்று கேட்டார்கள். சொல்லும் படமும் பெரும்பாலும் பதின்வயது நினைவுகளைக் கிளப்பின. மணம் கிளப்பியவை பத்து வயதுக்கு முந்தியவை. பெற்றவர் உலகம் முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கிற வயது அது.

நாராயண் இந்தக் கணக்கில் சரியாக உட்காரமாட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவருடைய பிள்ளைப் பருவம் சென்னை புரசைவாக்கத்தில் பாட்டி வீட்டில் கழிந்தது. அப்பா மைசூர் சமஸ்தானத்துப் பள்ளிகளில் தலைமையாசிரியர். பெற்றோரோடு சேர்ந்து இருந்ததெல்லாம் பிற்பாடுதான். ஆக, அம்மாவின் காப்பி அவருக்குத் தாமதமாக வந்த சொத்து. அதனால்தான் அதை அத்தனை உன்னிப்பாகப் பார்த்தாரோ என்னவோ. கைக்குழந்தையிலிருந்து கூட இருக்கிற பிள்ளை அம்மா வறுப்பதை வேடிக்கை பார்ப்பதில்லை.

இந்த விஷயத்தைப் பேசினால் பிரான்ஸ் நாட்டு மார்செல் புரூஸ்டை விட்டுவிட்டுப் போக முடியாது. 1913இல் வெளிவந்த அவருடைய நாவலின் முதல் பாகத்தில், தேநீரில் நனைத்த மதலேன் என்ற சின்ன கேக் வாயில் பட்டதும் கதைசொல்லிக்குச் சிறுவயது ஊர் முழுவதும் எழுந்து வருகிறது. உலகமே அந்தக் கேக்கைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் புரூஸ்டின் பழைய வரைவுகளில் அது கேக் இல்லை, வாட்டிய ரொட்டி. எழுத எழுத மாறியிருக்கிறது. இது ஏமாற்று வேலை இல்லை. ரேச்சல் ஹெர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் பல சோதனைகளில் கண்டதும் இதற்கு ஒத்துப்போகிறது: மணத்தால் எழும் நினைவில் உணர்ச்சி அதிகம், துல்லியம் அதிகம் என்று சொல்ல முடியாது. அம்மா வைத்த குழம்பு அமிர்தம் என்று சத்தியம் செய்கிறவரிடம் எந்தக் குழம்பு என்று கேட்டால் தடுமாறுவார். கண் கலங்கியிருப்பது மட்டும் பொய்யாக இருக்காது.

இனி இந்த ஊருக்கு வருவோம்.

ஊத்துக்குளிக்கு வெண்ணெய் என்றால் ராசிபுரத்துக்கு நெய். வெளியூர்க் கடைப் பலகைகளில் ஊர்ப் பெயர் ஏறியது நெய்யால்தான். மானாவாரி மேட்டுக்காடு, சோளத்தட்டு, கடலைக்கொடி, பருத்திக்கொட்டை, வீட்டுக்கு ஒன்றிரண்டு மாடு, எருமை என்று இருந்த பக்கம் இது. மாடு தின்பது பாலில் தெரியும், பாலில் இருப்பது வெண்ணெயில் கூடும். பசுநெய் மஞ்சளாகவும் எருமைநெய் வெளுத்தும் இருப்பதற்குக்கூட தீவனத்துப் பச்சையிலிருக்கும் கரோட்டின்தான் காரணம். பசு அதைக் கொழுப்பில் அப்படியே விட்டுவைக்கிறது, எருமை மாற்றிவிடுகிறது.

நெய் காய்ச்சும் நாள் பிள்ளைகளுக்குத் தெரியும். காலையிலேயே வெண்ணெய் உருண்டையைத் தண்ணீர் மாற்றி மாற்றி அலசி மோர் வாடையை எடுத்திருப்பார்கள். கனமான வடச்சட்டி அடுப்பில் ஏறும். வெண்ணெய் முதலில் சத்தமில்லாமல் இளகும். பிறகு நுரை கட்டும், பிறகு சடசடக்கும். உள்ளே இருக்கிற நீர் கொதித்து வெளியேறுகிற சத்தம் அது. வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு போல நீர் இருக்கிறது. அது தீரும் வரை சூடு நூறு பாகையைத் தாண்டிப் பெரிதாக ஏறாது. நீர் தீர்ந்ததும் சடசடப்பு அடங்கும், சூடு விறுவிறுவென்று ஏறும், அடியில் தங்கிய பால் துகள்கள் சிவக்க ஆரம்பிக்கும். நெய்யின் மணம் பிறப்பது அந்தச் சில நிமிடங்களில்தான். கொஞ்சம் முந்தினால் பச்சை வாடை, கொஞ்சம் பிந்தினால் கருகல்.

அந்த நேரத்தில் அம்மா அரிவாள்மனையில் காய் நறுக்கிக்கொண்டிருப்பார். அடுப்புப் பக்கம் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் ஒரு குரல் வரும்.

“சத்தம் நின்னுருச்சா பாரு கண்ணு.”

“இன்னும் கேக்குதும்மா.”

“நுரை செவந்தா சொல்லோணும். கருக விட்றாத சாமி.”

ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய பொறுப்பை யாரும் கொடுத்திருக்கமாட்டார்கள். சத்தம் அடங்கியதும் ஒரு கொத்து முருங்கைக்கீரை சட்டியில் விழும். மறுபடி ஒரு படபடப்பு, உடனே அமைதி. இறக்கி வடித்தபின், மொறுமொறுவென்று ஆன அந்தக் கீரை பிள்ளையின் உள்ளங்கைக்கு வரும். அடுத்தது சட்டி. அடியில் ஒட்டியிருக்கும் பழுப்புக் கசண்டோடு சுடுசோறும் ரெண்டு கல் உப்பும் போட்டு அம்மா பிசைந்து உருட்டித் தருவார். ஒரு சட்டியில் மூன்று உருண்டை வந்தால் அதிகம். வீட்டில் நாலு பிள்ளைகள் என்றால் அன்றைக்கு ஒரு சண்டை நிச்சயம். முருங்கைக்கீரை நெய் சீக்கிரம் காறிப்போகாமல் காக்கும் என்று பெரியவர்கள் சொன்னார்கள்; கீரையில் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள்கள் உண்டு என்று பின்னால் வேதியியலும் ஒத்துக்கொண்டது. பிள்ளைக்கு அதெல்லாம் பொருட்டில்லை. அந்த மொறுமொறுப்புக்காகத்தான் அது அரை மணி நேரம் அடுப்பருகில் இருந்தது.

அந்தக் காலத்து நெய் இப்போது இல்லை என்று புலம்புகிறவர்களுக்குப் பாதி நியாயம் உண்டு. வீட்டு வெண்ணெய் உறைந்த தயிரைக் கடைந்து எடுத்தது. தயிர் உறையும்போதே மணமுள்ள சில பொருள்கள் உண்டாகிவிடும். ஆலைகளில் பெரும்பாலும் பாலின் ஏட்டைப் பிரித்தெடுத்து வெண்ணெயாக்குகிறார்கள். மணம் கொஞ்சம் வேறாகத்தான் இருக்கும். மீதிப் பாதிக்கு நெய்யைக் குற்றம் சொல்ல முடியாது. பாக்கெட்டைக் கத்தரிக்கிற பிள்ளைக்கு சத்தம் அடங்குமா என்று காது கொடுக்கிற வேலை இல்லை. முதல் தரமான நெய்யே ஊற்றினாலும் அதை யாரும் தர முடியாது.

இதுவரை அம்மாக்களே வந்துவிட்டார்கள். காரணம் உண்டு, அப்பாக்கள் இந்தப் பந்தயத்தில் பல மாதம் பின்தங்கித்தான் தொடங்குகிறார்கள். பிலடெல்பியாவில் மோனல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஜூலி மெனெல்லாவும் கூட்டாளிகளும் 2001இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் சில பெண்களுக்கும், பாலூட்டும்போது வேறு சிலருக்கும், வாரத்துக்கு நாலு நாள் என மூன்று வாரம் 300 மில்லி கேரட் சாறு கொடுத்தார்கள். அந்தக் குழந்தைகள் திட உணவு தொடங்கியபோது கேரட் சாறு கலந்த கூழைக் கண்டு முகம் சுளித்தது வெறும் கூழுக்குச் சுளித்ததைவிடக் குறைவு; மற்றக் குழந்தைகளிடம் அந்த வித்தியாசம் இல்லை. அம்மா தின்றது பனிக்குடம் வழியாகவும் பால் வழியாகவும் முன்பே அறிமுகமாகிவிட்டது. மசக்கைக்கு மாங்காய் கேட்டவள் தன் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் ருசி பார்த்திருக்கிறாள்.

அப்பாவுக்கு இருக்கிற வழி பொட்டலம்தான்.

நாமக்கல் பக்கத்து அப்பாக்கள் இதில் தனி ரகம். லாரி, டேங்கர், ரிக் வண்டி என்று மாதக்கணக்கில் வெளியே போகிறவர்கள். திருச்செங்கோட்டு ரிக்குகள் ஆழ்துளைக் கிணறு போடாத மாநிலம் இல்லை என்று சொல்வார்கள். அப்படிப் போன அப்பா விடியற்காலையில் வந்து இறங்குவார். பையில் வடக்கத்திப் பழமோ இனிப்போ இருக்கும், சட்டையில் டீசல் வாடை இருக்கும். பிள்ளைக்கு இரண்டும் சேர்ந்தே மூக்கில் பதியும். பின்னாளில் பெட்ரோல் பங்கில் வண்டிக்கு டீசல் போடும்போது ஆரஞ்சு சுளை நினைவுக்கு வருகிற ஒருவரிடம் காரணம் கேட்டால் சிரிப்பார், சொல்லத் தெரியாது.

தினமும் வீடு திரும்புகிற அப்பாக்களுக்கு சேலத்துப் பலகாரம் கைகொடுத்தது. தட்டுவடை செட் என்பது தட்டில் வைத்துத் தின்கிற சரக்கு. இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னி தடவி, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம் வைத்துத் தர வேண்டும். பொட்டலமாகக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் ராசிபுரம் வந்து சேர்வதற்குள் நமத்துப் போகும், காகிதம் சிவந்துவிடும். அந்த நமத்த தட்டுவடைதான் ருசி என்று இன்றைக்கும் வாதாடுகிற ஐம்பது வயதுக்காரர்கள் உண்டு. கடை வாசலில் நின்று மொறுமொறுவென்று சாப்பிட்டால் அவர்களுக்கு ஏதோ குறைகிறது. அந்தக் குறையைச் சமையல்காரரிடம் புகார் செய்ய முடியாது. நூலைப் பிரிக்க அப்பா எடுத்துக்கொண்ட நேரம், அறுக்காமல் முடிச்சைத் தேடி அவிழ்த்து விரலில் சுற்றிப் பத்திரப்படுத்திய நிதானம், சுற்றி உட்கார்ந்தவர்களின் பொறுமை அத்தனையையும் சோதித்த அந்தக் காத்திருப்பு, குறைவது இவைதான்.

ஒரு ஊரே சேர்ந்து முகர்கிற மணமும் உண்டு. குச்சிக்கிழங்கை எடுத்துக்கொள்ளலாம். மரவள்ளி என்பது புத்தகப் பெயர். தென் அமெரிக்கக் கிழங்கு. திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதைப் பரப்பினார். இரண்டாம் உலகப் போரில் மலேயாவிலிருந்து வந்த ஜவ்வரிசி நின்றுபோக, 1943இல் சேலத்தில் மாணிக்கம் செட்டியார், மலேயா அனுபவமுள்ள போபட்லால் ஷாவோடு சேர்ந்து கிழங்கு மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார். தட்டுப்பாட்டில் பிறந்த தொழில் இந்தச் சமவெளி முழுக்கப் பரவியது. 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது, 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சேகோ பேக்டரி இருக்கிற பக்கம் பஸ் திரும்பினாலே தொட்டியில் மாவு தெளிகிற தண்ணீரும் களத்தில் காய்கிற திப்பியும் சேர்ந்து ஒரு புளித்த வாடை அடிக்கும். வெளியூர்க்காரர் கைக்குட்டையை எடுப்பார். அதே பஸ்ஸில், ஆலைக்கு வேலைக்குப் போன அம்மாவின் புடவைத் தலைப்பில் முகம் துடைத்து வளர்ந்தவர் ஜன்னல் பக்கம் திரும்புவார்.

அந்த ஜவ்வரிசி மாசி, பங்குனி வெயிலில் மொட்டைமாடிக்கு வரும். விடியும் முன்னே வத்தல் கூழ் கிண்ட வேண்டும், பச்சைமிளகாய் அரைத்து உப்பும் எலுமிச்சம்பழமும் சேர்த்து. வேட்டித்துணியில் கரண்டி கரண்டியாக ஊற்றியபின் காக்காய் ஓட்டப் பிள்ளைகள் நிறுத்தப்படுவார்கள். கூலி, சட்டியில் ஒட்டிய கூழ். மதியத்துக்குமேல் பாதி காய்ந்து ஓரம் சுருண்ட வத்தலைக் காக்காய் தின்னதைவிடக் காவலாளி தின்றது அதிகமாக இருக்கும். சாயங்காலம் மாடிக்கு வந்து துணியில் தெரிகிற வெற்றிடங்களைப் பார்க்கிற அம்மா, “இந்தக் காக்காய்க்குக் கை முளைச்சிருக்குது போல” என்று மட்டும் சொல்லிவிட்டு மீதியைத் திருப்பிப் போடுவார்.

தொடங்கிய இடமான காப்பிக்குத் திரும்பினால், தமிழ் வீடுகளில் அதுவே அப்படியொன்றும் பழசில்லை. கலெக்டர் காக்பர்ன் ஏற்காட்டில் காப்பிச்செடி வைத்தது 1820களில். அது குடும்பங்களுக்குள் வந்து காலைப் பழக்கமாக இன்னும் பல பத்தாண்டு ஆயிற்று. வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி தம் புத்தகத்துக்கு ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்றே பெயர் வைத்தார். குச்சிக்கிழங்கும் மிளகாயும் கடல் கடந்து வந்தவை. பாரம்பரியம் என்று ஒரு பலகாரத்தைத் தூக்கிப் பிடிக்கிறவர்கள் இதை நினைத்தால் கொஞ்சம் நிதானிக்கலாம். ஒரு ருசியில் அம்மாவோ அப்பாவோ குடியேறுவதற்கு அது ஆயிரம் வருடத்துப் பண்டமாக இருக்க வேண்டியதில்லை. இன்றைய பிள்ளைகளுக்கு அது, இரவு வேலை முடித்து அப்பா கொண்டுவரும் புரோட்டா பார்சலாகவும், வாழையிலை வெந்த மணமாகவும் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

கடைசியாக ஒரு காட்சி. இந்தப் பக்கத்திலிருந்து வேலைக்கு வெளிநாடு போன பெண்களின் சமையலறையில் இப்போது நடப்பது. சூப்பர் மார்க்கெட்டில் உப்பில்லாத வெண்ணெய் வாங்கியாகிவிட்டது. அடுப்பு மின்சாரம், பாத்திரம் மெல்லிசு. கைப்பேசி மேடையில் சாய்த்து வைத்திருக்கிறது. திரையில் ராசிபுரத்து அம்மா.

“முருங்கைக்கீரைக்கு எங்கம்மா போறது?”

“வெத்தலை இருந்தாப் போடு. இல்லாட்டிக் கருவேப்பிலை போதும்.”

“நிறம் சரியா இருக்குதா பாருங்க.”

“படத்துல என்னத்தத் தெரியுது? போனைச் சட்டிகிட்டக் கொண்டா.”

மகள் கைப்பேசியை வடச்சட்டிக்கு ஒரு சாண் தள்ளிப் பிடிக்கிறாள். அங்கே அடிக்கிற மணம் இங்கே வராது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு காது கொடுக்கிறார்.

“இன்னும் கேக்குது. அவசரப்படாத கண்ணு.”

இரண்டு பேரும் பேசாமல் இருக்கிறார்கள்.

“ம்... இப்ப இறக்கு.”